பால்வாடியில பால் எங்க இருந்து வந்துச்சு?

நீளமான இழை இது. ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு நிதானமா படிங்க.

கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைன்னு எந்த ரோட்டுல போனாலும், ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஒரு சின்ன ஓரறைக் கட்டடம் கண்ணுல படும். சுவர்ல கிளி, மாம்பழம், அ ஆ இ ஈ. போர்டுல 'குழந்தைகள் மையம்'. அரசுக் காகிதத்துல 'அங்கன்வாடி'. ஊர்க்காரங்க வாயில மட்டும் இன்னிக்கும் 'பால்வாடி'.

"அங்கன்வாடின்னா சோறு போடுற இடம்தானே, அங்க என்ன படிப்பு இருக்கு?" இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரம் கிடையாது. கேட்கிறவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கட்டடத்தோட வரலாறு தெரிஞ்சா, கேள்வியே கொஞ்சம் மாறும். சோறா படிப்பாங்கிற வழக்கு நேத்து ஆரம்பிச்சது இல்ல. நூறு வருஷமா நடக்குது.

முதல்ல பேரு. பால்வாடியில இருக்கிற 'பால்', நாம குடிக்கிற பால் இல்ல. குஜராத்தி, மராத்தியில 'பால்' என்றால் குழந்தை. 'வாடி' என்றால் தோட்டம். ஜெர்மன்காரர் ஃப்ரோபல் வச்ச 'கிண்டர்கார்ட்டன்' என்ற பேருக்கும் அதே பொருள்தான்: குழந்தைகளின் தோட்டம்.

1920-ல பாவ்நகர்ல கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், வக்கீல் தொழிலை விட்டுட்டு ஒரு பால மந்திர் ஆரம்பிச்சார். மாண்டிசோரி அம்மையாரோட முறையைப் படிச்சு, அதை நம்ம ஊர்ப் பொருட்களை வச்சுச் செஞ்சு பார்த்தவர். அவரோட சேர்ந்து வேலை பார்த்தவங்க தாராபாய் மோடக். அந்தம்மா பிறகு அனுதாய் வாக் என்ற இன்னொரு பெண்ணோட சேர்ந்து, 1945-ல மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டியில கிராமத்துப் பிள்ளைகளுக்காக வேலையைத் தொடங்கினாங்க. அப்புறம் கோஸ்பாட் மலைப்பகுதியில பழங்குடிப் பிள்ளைகள் நடுவுல.

அங்கதான் ஒரு பெரிய விஷயம் நடந்தது. கட்டடம் கட்டி வச்சா பழங்குடிப் பிள்ளைங்க வரல. தம்பி தங்கச்சியை யார் பார்த்துக்கிறது? ஆடு மாட்டை யார் பார்த்துக்கிறது? சரி, பிள்ளை பள்ளிக்கு வரலேன்னா பள்ளி பிள்ளைகிட்ட போகட்டும்னு, குடியிருப்புக்குள்ளேயே போய் ஒரு வீட்டு முற்றத்துல பாயை விரிச்சாங்க. முற்றத்துக்கு அந்த ஊர் மொழியில 'ஆங்கன்'. அதுதான் அங்கன்வாடி. ஆக அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு கொள்கை இருக்கு: பிள்ளை இருக்கிற இடத்துக்கு நாம போகணும்.

இதே காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? 1939-ல மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்தாங்க. பிரம்மஞான சபை வளாகத்துல ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அடுத்த வருஷம் இத்தாலி போர்ல இறங்கினதால, இத்தாலிக்காரங்க எல்லாம் வெள்ளைக்கார அரசுக்கு எதிரி நாட்டார் ஆயிட்டாங்க. அம்மையார் நினைச்சபடி இந்தியாவை விட்டுக் கிளம்ப முடியல. போர்க்காலத்துல இரண்டு வருஷத்துக்கு மேல கொடைக்கானல்ல இருந்து அங்கேயும் பள்ளி நடத்தினாங்க. கொடைக்கானல்ல இருந்து கோவில்பட்டி ஒரு பகல் பயணம்கூட இல்ல. ஆனா அந்தக் கல்வி கரிசல் காட்டுக்கு இறங்கி வரல. அது நகரத்து, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான படிப்பாவே ரொம்ப காலம் இருந்துச்சு. இன்னிக்கும் 'மாண்டிசோரி'ன்னு போர்டு பார்த்தா ஃபீஸ் என்னன்னுதான் முதல்ல தோணுது.

அப்போ கரிசல்ல 'பால்வாடி' எப்படி வந்துச்சு?

இங்கதான் தமிழ்க் காது ஒரு வேலை செஞ்சது. பால்வாடின்னு கேட்டதும் நம்ம ஆட்கள் 'பால் கிடைக்கிற இடம்'னு புரிஞ்சுக்கிட்டாங்க. அதுல தப்பும் இல்ல. உண்மையாவே அங்க பால் கொடுத்தாங்க.

அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1930-கள்ல குன்னூர்ல ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் இருந்தது (பிறகு ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது). அதோட இயக்குநர் அய்க்ராய்டும் அவர்கூட இருந்தவங்களும் தென்னிந்தியாவுல வீடு வீடாப் போய் யார் என்ன சாப்பிடறாங்கன்னு கணக்கு எடுத்தாங்க. அரிசியையும் தானியத்தையும் மட்டும் நம்பி வாழ்ற பிள்ளைகளுக்கு ஆடை எடுத்த பாலைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து, உயரமும் எடையும் எப்படி ஏறுதுன்னு பார்த்தாங்க. ஏறுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் யுனிசெஃப் கப்பல் கப்பலா பால்பவுடர் அனுப்பினதுக்குப் பின்னால இந்த மாதிரி ஆராய்ச்சிகள் இருக்கு. 1960-கள்ல 'கேர்' அமைப்பு வழியா அமெரிக்கப் பால்பவுடர், கோதுமை ரவை, மஞ்சச் சோள மாவு, எண்ணெய் எல்லாம் வந்துச்சு. உங்க வீட்டுல அறுபது வயசுக்கு மேல யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, அந்த மஞ்ச உப்புமாவோட வாசம் ஞாபகம் இருக்கும்.

ஒரு மருத்துவக் குறிப்பு. ஆடை எடுத்த பாலில் புரதம் உண்டு, கால்சியம் உண்டு. ஆனா கொழுப்போட சேர்ந்து விட்டமின் ஏ-யும் போயிடும். ஏற்கெனவே மாலைக்கண் இருந்த நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. 1970-ல குழந்தைகளுக்கு விட்டமின் ஏ சொட்டு மருந்துத் திட்டம் தனியா வந்தது. இன்னிக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிள்ளை வாயில ஊத்துற அந்த மஞ்சள் திரவம்தான் அது.

இப்போ மண்ணுக்கு வருவோம். கரிசல்ல பிள்ளை வளர்க்கிறது தாமிரபரணிக் கரையில பிள்ளை வளர்க்கிற மாதிரி இல்ல. எல்லாம் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகையில அடை மழை பெய்யணும். பெஞ்சா கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, மிளகாய். இப்போ மக்காச்சோளம். மழை வந்த நாலு நாளைக்குள்ள விதைக்கணும், அப்புறம் களை வெட்டணும், பருத்தி எடுக்கணும், மிளகாய்ப்பழம் பறிக்கணும். இதுல பெரும்பாலும் பொம்பளை வேலைதான். விடியுமுன்னே காட்டுக்குக் கிளம்புற அம்மா கைப்பிள்ளையை எங்க விட்டுட்டுப் போவா? ஒண்ணு, வேப்ப மரத்துல தூளி கட்டிப் போடணும். இல்லேன்னா வீட்டுல எட்டு வயசு அக்கா இடுப்புல.

அந்த எட்டு வயசு அக்காவை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த வரலாற்றுல முக்கியமான ஆளு அவதான். பால்வாடி கைப்பிள்ளைக்கு என்ன செஞ்சதுங்கிறது பாதிக் கதை. தம்பியை அங்க விட்டதால அவ பள்ளிக்கூடம் போனது மீதிக் கதை.

1953-ல மத்திய சமூக நல வாரியம் வந்தது. தலைவி துர்காபாய் தேஷ்முக். ராஜமுந்திரியில பிறந்து சென்னையில ஆந்திர மகிள சபாவை வளர்த்தவங்க. வாரியம் பால்வாடி நடத்துற தொண்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது. இன்னொரு பக்கம் காந்திகிராமத்துல டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். கஸ்தூரிபா நினைவு நிதி வழியா கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சேவிகாவா ஊர் ஊரா அனுப்பினாங்க. மருத்துவம் படிச்சவங்க அந்தம்மா. மருந்துச் சீட்டு எழுதுறதோட நிறுத்தாத டாக்டர்களோட வரிசையில நான் முதல்ல வைக்கிற பேரு.

1958-ல மதராஸ் பஞ்சாயத்துச் சட்டம். 1960-ல இருந்து ஊராட்சி ஒன்றியங்கள் நடைமுறைக்கு வந்துச்சு. அப்போ கோவில்பட்டி திருநெல்வேலி ஜில்லா. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்துக்குக் கீழே வந்தன. ஒன்றிய அலுவலகத்துல முக்கிய சேவிகா, அவங்களுக்குக் கீழே கிராம சேவிகா, கிராமத்துல மாதர் சங்கம். மாதர் சங்கத்துல தையல், கூடை பின்றது. அதோட ஒட்டினாப்புல பால்வாடி. நம்ம ஊர்ல உள்ளாட்சி நடத்தின முதல் மழலையர் பள்ளின்னு எதையாவது சொல்லணும்னா இதைத்தான் சொல்லணும். யாரோ ஒருத்தர் கொடுத்த அறை, இல்லேன்னா சாவடி, மடம். ஊர்க்காரப் பொண்ணு ஒருத்தி டீச்சர். பாட்டு, கதை, பால், உறக்கம்.

சரி, காசு? ஒன்றியத்தோட சொந்த வருமானத்துல முக்கியமானது நிலவரியோட சேர்த்து வசூலிக்கிற தலமேல்வரி. இங்க கவனிங்க. நஞ்சை நிலத்துக்கு வரி அதிகம், மானாவாரிப் புஞ்சைக்குக் குறைவு. அப்போ எந்த ஊர்ல பிள்ளை பட்டினியா இருக்கோ, அந்த ஒன்றியத்துக்கிட்டதான் காசும் கம்மி. அரசு மானியம் கொடுத்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா மானியத்தை நம்பி நடக்கிற பால்வாடி, மானியம் தள்ளிப் போனா மூடிக்கும். உள்ளாட்சி நடத்தணும்னு ஆசைப்படுறது சரிதான். உள்ளாட்சி எதை வச்சு நடத்தும்ங்கிற கேள்விக்கு அப்பவும் பதில் இல்ல, இப்பவும் முழுசா இல்ல.

கரிசலுக்குப் பெருமையான ஒரு விஷயம் இங்க சொல்லியே ஆகணும். காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956-ல தொடங்கி வச்ச இடம் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு கூட நின்னார். அரசு ஒரு பங்கு, ஊர்க்காரங்க ஒரு பங்குன்னு ஆரம்பிச்ச திட்டம். அதுக்கும் முன்னாடி 1920-ல நீதிக்கட்சி காலத்துல, பிட்டி தியாகராயர் தலைமையில சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில மதிய உணவு போட்டுச்சு. அதுவும் உள்ளாட்சி செஞ்ச வேலைதான்.

ஆனா ஒரு டாக்டரா எனக்கு ஒரு உறுத்தல். இது எல்லாமே பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு. ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார்ற பிள்ளை ஏற்கெனவே பிழைச்சு வந்த பிள்ளை. உடம்பு குட்டையாகிப் போறது, மூளை வளர்ற வேகத்துல அடி வாங்குறது எல்லாம் பெரும்பாலும் தாய் வயித்துல இருக்கிறப்பவும் முதல் இரண்டு வயசுலயும் நடந்து முடிஞ்சிடும். ஆயிரம் நாள்னு நாங்க சொல்றது இதைத்தான். எட்டயபுரத்துல சோறு போட்டது பள்ளிக்கு வர வச்சது, படிக்க வச்சது. அது பெரிய காரியம். ஆனா தூளியில கிடந்த பிள்ளைக்கு அது போய்ச் சேரல.

அந்த அக்காவுக்கும் முழுசா போய்ச் சேரல. ஏன்னா தீப்பெட்டி ஆபீஸ்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், இங்க தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்லுவாங்க. சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம்னு பரவுச்சு. மழை பொய்ச்ச வருஷத்துல கரிசல் குடும்பத்துக்கு உலை கொதிச்சது அந்தக் கூலியிலதான், அதை மறுக்க முடியாது. ஆனா கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல் வேகமா ஓடும்னு பிள்ளைகளை எடுத்தாங்க. விடியுமுன்னே ஊருக்கு ஊரு பஸ் வந்து அள்ளிட்டுப் போகும். போனதுல பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைங்க. 1990-ல சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' படத்தைத் தேடிப் பாருங்க.

தொழிற்சாலைச் சட்டத்துல 1948-லேயே பெண் தொழிலாளர் ஐம்பது பேருக்கு மேல இருந்தா பிள்ளைக் காப்பகம் வைக்கணும்னு எழுதியாச்சு. 1976-ல அதை முப்பதாக் குறைச்சாங்க. சட்டம் நல்ல சட்டம். ஆனா தொழில் சின்னச் சின்ன ஷெட்டுகளாவும், வீட்டுத் திண்ணையில பெட்டி ஒட்டுறதாவும் சிதறிக் கிடந்தா முப்பது பேர் எங்க இருந்து சேருவாங்க? ஆக அந்த அம்மாக்களுக்கு இருந்த ஒரே காப்பகம் ஊர்ப் பால்வாடிதான். 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, அப்புறம் சிறப்புப் பள்ளிகள் எல்லாம் வந்துச்சு. பிள்ளைங்க ஆபீஸை விட்டு வெளியேறினதுக்கு அந்தச் சட்டம், சோறு, மெஷின், ரோடு எல்லாமே காரணம். அந்தப் பட்டியல்ல பால்வாடியை யாரும் எழுதுறது இல்ல. நான் எழுதுவேன்.

அடுத்து வர்றது எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம். தராசு.

1972-ல மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளிக்கு முந்தைய வயசுப் பிள்ளைகளைப் பத்தி ஒரு அறிக்கை கொடுத்தது. உணவு, உடல்நலம், விளையாட்டுக் கல்வி மூணையும் பிரிக்கக் கூடாதுன்னு சொன்ன அறிக்கை. 1975 அக்டோபர் 2-ல நாடு முழுக்க 33 வட்டாரங்கள்ல ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம், அதாவது ஐ.சி.டி.எஸ். ஆரம்பம். ஆனா தமிழ்நாடு கூடவே இன்னொரு பாதையும் போட்டுச்சு. உலக வங்கிக் கடன்ல 1980-ல மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்துல தொடங்கின தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். பின்னால பல மாவட்டங்களுக்குப் பரவுச்சு, நம்ம பழைய திருநெல்வேலி மாவட்டமும் அதுல உண்டு.

அதுல என்ன புதுசு? எல்லாருக்கும் சோறு போடுறது நோக்கம் இல்ல. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையை மாசா மாசம் எடை போடணும். அட்டையில புள்ளி வைக்கணும். புள்ளிகளைச் சேர்த்தா கோடு. கோடு மேல போனா சரி. படுத்துட்டா, இறங்குனா, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்து உருண்டை. தேறிட்டா நிறுத்திடலாம். இந்த அட்டையோட பூர்வீகம் நைஜீரியா. டேவிட் மார்லி என்ற பிரிட்டிஷ் டாக்டர் அங்கே இலேஷா பக்கத்துக் கிராமங்கள்ல உருவாக்கினது. பிள்ளை மெலிஞ்சு கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே கோடு சொல்லிடும்ங்கிறதுதான் அவர் கண்டது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் கோடு ஏறுதா இறங்குதான்னு புரியும்.

கேட்க எளிசு. செய்யறது கஷ்டம். பிள்ளையைத் தராசுல தொங்கவிட்டு எடை போட்டா கண்ணு பட்டுரும்னு தூக்கிட்டு ஓடின பாட்டிகள் எத்தனை பேர்! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, எம்பிள்ளைக்கு இல்லையான்னு சண்டை. 'உன் பிள்ளை நல்லா இருக்கு, அதான் இல்ல'ன்னு சொல்லிப் புரிய வைக்க, அந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த ஒரு ஊட்டச்சத்துப் பணியாளர் வேணும். அவங்களுக்குத் துணையா ஊர்ப் பெண்கள் குழு. கடுமையான ஊட்டக் குறைவு அந்த வட்டாரங்கள்ல குறைஞ்சது, உலகம் முழுக்க பாடப் புத்தகத்துல வந்துச்சு. மிதமான குறைவு அந்த அளவுக்குக் குறையலங்கிறதும் உண்மை. தராசு வறுமையைக் காட்டும், ஆனா போக்காது.

இந்த நேரத்துல, 1982 ஜூலை 1-ல, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம். திருச்சி பாப்பாக்குறிச்சியில தொடக்கம். பொருளாதார நிபுணர்கள் பலர் தலையில அடிச்சுக்கிட்டாங்க, கஜானா காலியாகும்னு. பள்ளிப் பிள்ளைகளோட நிறுத்தாம, இரண்டு வயசுல இருந்தே சேர்த்தார் பாருங்க, அதுதான் இந்தக் கதைக்குத் திருப்பம். ஊர் ஊருக்குக் குழந்தைகள் நல மையம் வந்துச்சு. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி, கூடப் பருப்பு, எண்ணெய், காய். வேலைக்கு எடுத்ததுல கணவனை இழந்தவங்களுக்கும் ஆதரவு இல்லாதவங்களுக்கும் முன்னுரிமை. கரிசல் கிராமத்துல, தாலி இழந்த ஒரு பொண்ணு காலையில சாவியை எடுத்துட்டுப் போய் அரசுக் கட்டடத்தைத் திறக்கிறாங்கிறதை யோசிச்சுப் பாருங்க.

எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே பந்தியில. பல ஊர்ல இது சுலபமா நடக்கல. தலித் பெண் சமைச்சதைப் பிள்ளை சாப்பிடக் கூடாதுன்னு வீட்டுல தடுத்தது எல்லாம் நடந்திருக்கு. பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2023 செப்டம்பர்ல அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்துல உசிலம்பட்டிப் பள்ளியில, காலை உணவைப் பிள்ளைங்க சாப்பிட மறுத்ததாகவும், சமைச்சவங்களோட சாதிதான் காரணம்னும் செய்தி வந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி. கனிமொழியும் நேர்ல போய்ப் பிள்ளைகளோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. காமராஜர் சோறு போட ஆரம்பிச்சு 67 வருஷம் கழிச்சு!

1989-ல கலைஞர் ஆட்சியில முட்டை வந்தது. முதல்ல இரண்டு வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் படிப்படியாக் கூடுச்சு. சத்துணவுன்ற பேருக்கு நியாயம் கிடைச்சது முட்டையாலதான்னு நான் சொல்லுவேன். சோறு வயித்தை நிரப்பும். பிள்ளை உயரமாகறதுக்கு நல்ல புரதம் வேணும். நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கே, 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது, நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அது தின்பண்டக் கடையில நிக்கிற சத்து உருண்டைதான். சின்னப் பிள்ளைக்கு மட்டும் முழுசாக் கொடுத்துராதீங்க, தொண்டையில சிக்கும். பொடிச்சுக் கொடுங்க.

காலப்போக்குல எடை போட்ட மையமும் சோறு போட்ட மையமும் ஐ.சி.டி.எஸ். குடைக்கீழ ஒண்ணாச்சு. 2001-ல உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்குல ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேணும்னு சொல்லுச்சு. 2006-ல அதை இன்னும் அழுத்திச் சொல்லுச்சு. தமிழ்நாட்டுல 54,000-க்கும் மேல மையங்கள். 400-ல இருந்து 800 பேர் வாழ்ற இடத்துக்கு ஒண்ணு, அதைவிடச் சின்ன குடியிருப்புக்குக் குறு மையம்.

இப்போ அந்த ஓரறைக் கட்டடத்துக்குள்ள எத்தனை துறை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. கட்டடம் பெரும்பாலும் ஊராட்சியோடது, இல்லேன்னா ஒன்றியத்தோடது. சில இடத்துல நூறு நாள் வேலைத் திட்ட நிதியும் சேர்ந்து கட்டினது. டீச்சரும் உதவியாளரும் சமூக நலத் துறை அமைச்சருக்குக் கீழ வர்ற திட்டப் பணியாளர்கள். அதுக்கு மேல மேற்பார்வையாளர், வட்டார அளவுல திட்ட அலுவலர். அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகத்துல இருந்து. சத்துமாவு மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் அரைச்சது. புதன்கிழமை தடுப்பூசிக்கு வர்ற நர்ஸம்மா சுகாதாரத் துறை. வருஷத்துக்கு இரண்டு தடவை வர்ற நடமாடும் மருத்துவக் குழு வேற. இதயத்துல ஓட்டை, காது கேளாமை, வளைஞ்ச பாதம்னு எத்தனை பிள்ளைகளை அந்த வண்டி முதல் தடவையாக் கண்டுபிடிச்சு மேல அனுப்புதுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

சுவர்ல விரிசல் விட்டா டீச்சர் தன் மேலதிகாரிகிட்ட சொல்லணும், அவங்க ஒன்றியத்துக்கு எழுதணும், ஒன்றியம் மதிப்பீடு போடணும். கரிசல்ல விரிசல் நிச்சயம் விடும். இந்த மண்ணு மழையில ஊதும், கோடையில சுருங்கிப் பிளக்கும். செம்மண்ணுக்குப் போடுற மேலோட்டமான அஸ்திவாரத்தை இங்க போட்டா கட்டடம் பத்து வருஷத்துல வாய் திறக்கும். ஊர்க் கொத்தனாருக்கே தெரிஞ்ச விஷயம் இது.

அந்த ஒரு டீச்சர் எடை போடணும், சமையலைப் பார்க்கணும், கர்ப்பிணிகளைப் பார்க்கணும், வீடு வீடாப் போகணும், செல்போன் செயலியில எல்லாத்தையும் ஏத்தணும். மீதி நேரத்துல பாட்டு, கதை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'ன்னு நல்ல பாடத்திட்டம் இருக்கு. குறை சொல்லவே மாட்டேன், மூணு வயசுக்கு ஏத்த பாடம். அதை நடத்த ஆளுக்கு நேரம் இருக்காங்கிறதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு 2019-ல அரசு ஒரு பதில் வச்சது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடிகள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஜனவரி 21-ல தொடக்கம். கிராமத்துப் பிள்ளைக்கும் இலவசமா கே.ஜி. ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தது. ஆனா தனியா ஆள் எடுக்கல. தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியர்களை அங்க மாத்தினாங்க. அவங்க எதிர்த்தாங்க, நீதிமன்றம் போனாங்க. நாங்க அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நடத்தப் பயிற்சி எடுத்தவங்கன்னு அவங்க சொன்னது நியாயம்தான். மூணு வயசுப் பிள்ளைக்குப் பாடம் நடத்துறது தனி வித்தை.

2022 ஜூன்ல அந்த வகுப்புகளை நிறுத்தி, ஆசிரியர்களைத் திரும்பப் பள்ளிக்கே அனுப்புறதா அறிவிப்பு வந்துச்சு. பெற்றோர்கிட்ட இருந்தும் கட்சிகள்கிட்ட இருந்தும் பெரிய எதிர்ப்பு. சில நாள்லயே அமைச்சர் அன்பில் மகேஷ், தொடரும்னு சொன்னார். தற்காலிகச் சிறப்பாசிரியர்களை எடுத்தாங்க. சம்பளம் மாசம் 5,000 ரூபாய். இந்தத் தொகையைப் படிச்சிட்டு, நம்ம சமூகம் மூணு வயசுக்கு என்ன விலை வச்சிருக்குன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இதுக்கு நடுவுல கிராமத்துக்குள்ள மஞ்ச வேன் வருது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில இருந்து ஃபீஸ் கட்டி, மூணரை வயசுப் பிள்ளையை 'இங்கிலீஷ் மீடியம்' அனுப்புறாங்க. 'அறியாமை'ன்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அப்படித் தோணல. தான் கட்டை அடுக்கின கையால தன் பிள்ளைக்கு ஷூ மாட்டி விடுற அம்மாவுக்கு, அந்த ஷூ என்னன்னு நல்லாவே தெரியும். என் வருத்தம் வேற. வேன்ல போற பிள்ளைக்கு முட்டை கிடையாது, எடை அட்டை கிடையாது. மூணு வயசுல பென்சிலைப் பிடிக்க வச்சு நாலு வரி எழுத வைக்கிறாங்க. அந்த வயசுல கை எலும்புகூட முழுசா உருவாகல. பாட்டு, மண்ணு, பேச்சு, ஓட்டம் இதுதான் அந்த வயசுக்கான பாடம். பாவ்நகர் வக்கீல் நூறு வருஷம் முன்னாடி சொன்னது அது.

பிள்ளைங்க வேன் ஏறிட்டா, பால்வாடியில யார் மிச்சம்? வழியே இல்லாத வீட்டுப் பிள்ளை மட்டும். ஏழைகளுக்கு மட்டும்னு ஆன எந்தச் சேவைக்கும் சத்தமாக் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

தேவை தீர்ந்துடுச்சான்னா, இல்ல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஐந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள்ல 25 சதவீதம் வயசுக்கு ஏத்த உயரம் இல்ல. முந்தின கணக்கெடுப்புல 27. இறங்கியிருக்கு, மெதுவா. ஆனா ரத்தசோகை 50.7-ல இருந்து 57.4-க்கு ஏறியிருக்கு. நூத்துக்கு ஐம்பத்தேழு பிள்ளை! இவங்கள்ல வேன்ல போற பிள்ளைங்களும் உண்டு. ரத்தசோகை ஃபீஸ் ரசீதைப் பார்த்து ஒதுங்கிப் போறது இல்ல.

அதனால ஒரு சின்ன வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. கட்டடமும் தண்ணியும் கழிப்பறையும் ஊராட்சி, ஒன்றியத்துக் கையில இருக்கிற விஷயம், அதனால அங்க கேட்கலாம். சுவர் விரிசல் எந்த வருஷம் மராமத்துப் பார்த்தது? சமைக்க நல்ல தண்ணி வருதா? கடைசியா எடை போட்டது எந்தத் தேதி, எத்தனை பிள்ளைக்கு எடை ஏறல? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிறப்போ பிள்ளைங்க பேரைச் சொல்லச் சொல்லாதீங்க, எண்ணிக்கை போதும்.

எடை அட்டை வீட்டுல இருந்தா எடுத்து வைங்க. அதை எப்படிப் படிக்கிறதுன்னு தனியா ஒரு இழை போடறேன்.